டி.ஓ.டி. என்றால் எந்தத் தேதி?

"இ.எஸ்.எம்., என்.ஓ.கே. எல்லாரும் டி.எல்.சி. போடவும். பி.பி.ஓ. மஸ்ட். ஜே.எச்."

முன்னாள் ராணுவத்தினரான நம்ம வாட்ஸாப் குழுவில் இப்படி ஒன்று வந்தால், கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கலிலோ தக்கலையிலோ குடும்பப் பென்ஷனில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு என்ன விளங்கும்? என்.ஓ.கே. (நெருங்கிய உறவு) என்பது தன்னைத்தான் என்றே தெரியாது. ஜெய்ஹிந்தைக்கூட சுருக்க வேண்டுமா மக்கா?

யூனிட்டுக்குள் சுருக்கம் தேவைதான். சி.ஓ. (யூனிட் தலைவர்), டூ ஐ.சி. (அவருக்கு அடுத்தவர்), க்யூ.எம். (ஸ்டோர் பொறுப்பாளர்) என்றால் அங்கே வேறு அர்த்தமே கிடையாது. 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி, ஆள் எந்த மலையில் நிற்கிறார் என்பதையே மறைத்துவிடும். வெளியே வந்தால் அதே எழுத்து வேறு வேலை பார்க்கிறது. ஓ.பி. அங்கே எதிரியைக் கவனிக்கும் நிலை, ஆஸ்பத்திரியில் சீட்டு. டி.எஸ்.சி. அங்கே காவல் படைப்பிரிவு, இ-சேவை மையத்தில் டிஜிட்டல் கையெழுத்து.

மோசமானது டி.ஓ.டி. டிஸ்சார்ஜ் ஆன தேதியையும் அப்படித்தான் எழுதுகிறோம், இறந்த தேதியையும் அப்படித்தான். குடும்பப் பென்ஷனுக்கு இரண்டுமே வேண்டும். கட்டம் மாறினால் இறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாமல் விண்ணப்பம் திரும்பிவிடும்.

இதில் நம்ம எழுத்தின் சிக்கல் வேறு. ஆங்கிலத்தில் தனித்தனியாக இருக்கும் இரண்டு எழுத்துக்கு (B, P) நம்மிடம் ஒரே 'பி'. 'டி'யும் (D, T) அப்படித்தான். போனில் பான் நம்பர் சொல்லும்போது தப்புவதும் இந்த இரண்டில்தான். வயர்லெஸ் இரைச்சலில் இதே தொல்லை வந்ததால்தான் பிராவோ, பாப்பா, டெல்டா, டாங்கோ என்று சொல்லப் பழக்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டியது அதை. நாம் அதை யூனிட்டிலேயே விட்டுவிட்டு, சுருக்கங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

இனிஷியலும் சுருக்கம்தான். சர்வீஸ் ரெக்கார்டில் மனைவி பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து, ஆதாரில் கணவரின் எழுத்து என்றால், கம்ப்யூட்டருக்கு அவர் இரண்டு ஆள். புருஷன் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள், பிறகு அலைச்சல் அதிகம். முகவரியில் கே.கே. டிஸ்ட் என்பதையும் விடுங்கள். சென்னைக்காரருக்கு கே.கே. என்றால் நகர்தான்.

அந்த வாட்ஸாப் செய்தியை இப்படி எழுதலாமே:

"ஸ்பர்ஷ் (ராணுவப் பென்ஷனுக்கான ஆன்லைன் முறை) மூலம் பென்ஷனோ குடும்பப் பென்ஷனோ வாங்குகிறவர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கணும். ஆதார், ஓ.டி.பி. வரும் போன், பேங்க் பாஸ்புக், ஸ்பர்ஷ் பென்ஷன் ஆர்டரின் 12 இலக்க நம்பர் கொண்டு போங்க. பென்ஷன் வழங்குவது யார் என்று கேட்கும் இடத்தில் பேங்க் பெயரைப் போடாதீங்க, ஸ்பர்ஷைத் தேர்வு செய்யுங்க. பேங்கைப் போட்டால் சர்டிபிகேட் அங்கே போய்க் கிடக்கும், பென்ஷன் நிற்கும். ஜெய்ஹிந்த்."