எட்டு மணிக்கு மட்டும் சாகிற ஸ்கிரிப்ட்

ஏழு மணிக்கு ஓடுது. எட்டு மணிக்குச் சாகுது. ஒன்பதுக்கும் சாகுது. பத்து மணிக்கு, நான் ஆபீஸ் வந்து பையை இறக்கி வைக்கிற நேரம் பார்த்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து ஓடுது. நாசமாப் போக.

டிபனுக்குக் கூட்டம் அள்ளுற ஒரு ஹோட்டலுக்காக சர்வர்ல ஓடுற சின்ன புரோகிராம் அது. மணிக்கொரு தடவை கிரான் (நேரம் பார்த்து வேலையைத் தொடங்கி வைக்கிற புரோகிராம்) எழுப்பிவிடும், இப்போ என்ன மணியோ அதுல ஒண்ணைக் கழிச்சு, முந்தின மணி நேரத்து பில்லைக் கூட்டி அனுப்பணும், அவ்வளவுதான் வேலை. ஆறு மணிக்கு வித்த காபி கணக்குல இருக்கு. ஆனா ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும் அங்கே ஒருத்தர்கூட இட்லி சாப்பிடலையாம்! முதலாளி போன்ல கத்துறார். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நிக்கிறார். நான் கையால ஓட்டிக் காட்டுறேன், ஜம்முனு ஓடுது. ஓடாதா பின்னே, மணி பதினொண்ணு.

"ஓடுதேப்பா, அப்புறம் என்ன?"

மறுநாள் காலையில எட்டு மணிக்கே சீனியர் வீட்டிலிருந்து தன் மேக்ல, மணியில ஒண்ணைக் கழிக்கிற அந்த வரியை ஒட்டிப் பார்த்துட்டு "எனக்கு ஓடுதே"ன்னு மெசேஜ். ஓடும் சார். 2019-லிருந்து மேக் டெர்மினல்ல கட்டளையை வாங்கி ஓட்டுற ஆளே (ஷெல்னு பேரு) வேற, இசட்-ஷெல். சர்வர்ல உட்கார்ந்திருக்கிறது பாஷ். இசட்-ஷெல்லுக்கு 08-ன்னா எட்டு. பாஷுக்கு 08-ன்னா தெய்வக்குத்தம்.

ஏன்னா, முன்னாடி பூஜ்யம் இருந்தா அது ஆக்டலாம், அதாவது எட்டடிமான எண். 1970 வாக்குல 18 பிட் பி.டி.பி-7 கம்ப்யூட்டர்ல மூணு மூணு பிட்டாப் பிரிச்சு எழுத வசதியா இருந்துச்சாம். பி-ங்கிற புரோகிராம் மொழி எடுத்துக்கிச்சு, அதுகிட்டேருந்து சி மொழி, சி-கிட்டேருந்து ஷெல். அந்த மெஷின் மியூசியத்துக்குப் போயாச்சு. பூஜ்யம் மட்டும் போக மாட்டேங்குது. ஆக்டல்ல எட்டும் கிடையாது, ஒன்பதும் கிடையாது. நேரம் கேட்டா 08-ன்னு கொடுக்கிறதும் அதே சர்வர்தான், அதுல ஒண்ணைக் கழின்னா "வேல்யூ டூ கிரேட் ஃபார் பேஸ்" (இந்த அடிமானத்துக்கு எண் பெரிசு)னு மூஞ்சியைத் திருப்பிக்கிறதும் அதே சர்வர்தான்!

சரி, செத்தியே, செத்த இடத்துல கிட! அதுவும் இல்ல. மணியைப் போட்டு வைக்கிற டப்பாவை, அதாவது வேரியபிளை, காலியா விட்டுட்டு அடுத்த வரிக்கு நடையைக் கட்டுது. அந்த மணியோட பில் ஃபைல் இல்லையா, பரவாயில்ல. கடைசி வரியில "வெற்றிகரமாக முடிந்தது"ன்னு எழுதிட்டு, எக்ஸிட் கோடு 0, அதாவது 'எல்லாம் சரி'ங்கிற நம்பரைக் கொடுத்துட்டுப் போகுது. பிழைச் செய்தியை கிரான் ஒழுங்கா மெயில் அனுப்புது, சர்வருக்குள்ளேயே யாரும் திறக்காத ஒரு பெட்டிக்கு.

இன்னொரு கொடுமை சொல்றேன். 08-ஆவது கத்துது. 010-ல ஒண்ணைக் கழிச்சுப் பாருங்க. சத்தமே இல்லாம 7 வரும். பில் நம்பரை இப்படி மூணு இலக்கமா எழுதி வெச்சுக் கணக்குப் போடுறவங்க இன்னிக்கு ராத்திரி தூங்கின மாதிரிதான்.

திருத்தம் என்ன தெரியுமா? வேரியபிளுக்கு முன்னாடி 10#, 'இதைப் பத்தடிமான எண்ணாவே படி'ன்னு அர்த்தம். மூணு எழுத்து. இந்த ஸ்கிரிப்டை எழுதி வெச்ச மகராசன் வேற கம்பெனிக்குப் போய் நல்லா இருக்கார்.

"பத்துன்னா பத்து மணியா?"ன்னு மேனேஜர் கேட்டார். சிரிச்சுட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

அது கிடக்கட்டும். இந்த கலாட்டாவுல என் சார்ஜரை எடுத்துட்டுப் போனது யாருய்யா? வெள்ளை, டைப்-சி, வயர் கழுத்துல பச்சை டேப் சுத்தியிருக்கும். என்கிட்ட 12 சதவீதம்தான் இருக்கு.