புதினா வாசனைக்கெல்லாம் எலி ஓடாது

வீட்டுத் தோட்டத்தில் செடித் தொட்டிகளுக்கு நடுவே புதினா வைத்தால் எலி வராது என்கிறது ஒரு கட்டுரை. புதினாத் தொட்டியிலேயே வளை தோண்டும், அவ்வளவுதான். எலியை இழுப்பது பெரும்பாலும் நாம் உரமாகத் தூவும் கடலைப் புண்ணாக்கு. தூளாகப் போடாமல் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்; இல்லையென்றால் வேப்பம் புண்ணாக்குக்கு மாறுங்கள்.

எலியைத் தடுக்கப் பிளாஸ்டிக் வலை போட்டால் கடித்துக் குதறிவிடும். கால் அங்குலக் கண் உள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி வலைதான் நிற்கும். அரை அங்குலமென்றால் சுண்டெலி நுழைந்துவிடும். தரைப் பாத்திக்கு வலையை ஓரடி ஆழம் புதைத்து, அடிப்பக்கத்தை வெளிப்புறமாக அரையடி மடக்க வேண்டும். நேராக இறக்கினால் அடியில் குடைந்து வரும்.

பொறியைச் சுவரோரமாக வையுங்கள். நடுவில் வைத்தால் சீந்தாது. முதல் இரண்டு மூன்று நாள் பொறியின் விசையைப் பூட்டாமல், சுட்ட தேங்காய்ச் சில்லு மட்டும் வைத்துப் பழக்குங்கள். எலி நடமாடிய தொட்டியின் துளசியைப் பறித்து அப்படியே மெல்லாதீர்கள். எலியின் சிறுநீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம்.