பர்னெட்டுக்கு ஒரு வரி போதாது

கலிஃபோர்னியாவின் முதல் ஆளுநர் பீட்டர் பர்னெட், சொந்த அலுவல்களைக் காரணம் காட்டி 1851 ஜனவரியில் பதவி விலகினார் என்ற ஒரே வரியோடு, நான் படித்த ஒரு கட்டுரை அவரைக் கடந்துவிடுகிறது; ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. 1850 செப்டம்பர் 9 அன்றுதான் கலிஃபோர்னியா மாநிலமானது என்றாலும், அவர் 1849 டிசம்பரிலேயே பொறுப்பேற்றுவிட்டார் என்பது ஒரு வேடிக்கை.

அதற்கு முன்பு, 1844-இல், ஓரிகானின் தற்காலிகச் சட்டமன்றத்தில் இருந்தபோது, கறுப்பின மக்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்றும், கெடு முடிந்தும் வெளியேறாதவர்களுக்கு 20-க்குக் குறையாமலும் 39-க்கு மிகாமலும் சவுக்கடி தர வேண்டும் என்றும் சட்டம் இயற்ற முன்னின்றவர் இவரே. (சவுக்கடிப் பிரிவு நடைமுறைக்கு வருமுன்பே மாற்றப்பட்டது.) பதவி விலகுவதற்குச் சில நாள்கள் முன்பு சட்டமன்றத்துக்கு அளித்த உரையிலோ, பூர்வகுடிகள் அடியோடு அழியும்வரை போர் தொடரும் என்றே எதிர்பார்க்க வேண்டும் என்று எழுதினார், அதை வருத்தத்தோடு சொல்வதாகவும் சேர்த்துக்கொண்டார்!

பின்னர் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, 1858-இல், ஆர்ச்சி லீ என்ற கறுப்பினத்தவரைத் தன் அடிமை என்று ஒருவர் உரிமை கோரிய வழக்கில், சட்டம் லீயின் பக்கம் இருப்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, உரிமை கோரியவர் இளைஞர், உடல்நலம் குன்றியவர் என்பதற்காக லீயை அவரிடமே ஒப்படைக்கச் சொன்னார்.