கேபின் எங்கே போச்சு என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் போட்ட கேரட் அறுவடைப் படத்தில் டிராக்டரைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் இன்பாக்ஸுக்கே வந்துவிட்டார்கள். "அண்ணா, கேபினைக் காணோமே, வித்துட்டீங்களா?" ஒரு தம்பி, "அடகு வெச்சுட்டீங்களா" என்று கிண்டல் வேறு. கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன். கேபின் மாட்டிய அன்று நாலு கோணத்தில் படம் போட்டுப் பெருமையடித்தவனும் நான்தானே. அதைப் பார்த்து வேறு இரண்டு பேர் மாட்டியிருக்கிறார்கள்.

நமக்குத் தோட்டம் நீலகிரியில் கேத்தி பக்கம். தட்டுத்தட்டாக இறங்குகிற நிலம். கேரட், பீட்ரூட், உருளை, பூண்டு. வண்டி 24 எச்பி, ஃபோர் வீல் டிரைவ். வருஷக்கணக்கில் பவர் டில்லரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தவனுக்கு உட்கார்ந்து உழுவதே சொகுசுதான். ஆனால் ஜூனில் பிடித்தால் டிசம்பர் வரைக்கும் மழை, இல்லாவிட்டால் சாரல், அதுவும் இல்லாவிட்டால் மேகம். அது விட்டதும் உறைபனி. காலை ஆறரைக்கு ஸ்டீயரிங்கைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். கேபின் ஆசை அங்கேதான் பிடித்தது.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 25 எச்பி வண்டிக்கே கம்பெனி கேபின் வருகிறது. நம் ஊரில் பெரிய வண்டிக்குத்தான். அதனால் கீழே ஒரு பட்டறையில் கொடுத்தேன். ஸ்கொயர் பைப், தகரம், முன்னால் கண்ணாடி, இரண்டு பக்கமும் கதவு. பட்டறைக்காரர் செய்த முதல் வேலை, சீட்டுக்குப் பின்னால் ஆர்ச் மாதிரி நிற்குமே, அந்தக் கம்பியைக் கழற்றியது. "கூரைக்கு இடிக்குது சார். கேபினே வந்துடுது, அப்புறம் இது எதுக்கு?" நானும் தலையாட்டினேன். அதைக் கொண்டுவந்து ஷெட்டுக்குப் பின்னால் சாத்திவைத்தேன். ரெண்டு மாசத்தில் பீன்ஸ் கொடி ஏறிவிட்டது.

அந்தக் கம்பிக்கு ராப்ஸ் என்று பெயர். வண்டி கவிழ்ந்தால் முழுசாக உருளவிடாமல் தடுத்து, உட்கார்ந்திருப்பவனுக்கு உயிர் தப்பும் அளவுக்கு இடம் விட்டுவைக்கும். சுவீடனில் 1959லேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். என் வண்டியில் அது பின் ஆக்ஸிலோடு கட்டை விரல் தண்டி போல்ட்டில் பிடித்திருந்தது. பட்டறைக் கேபின் எதில் பிடித்திருந்தது தெரியுமா? மட்கார்டு தகரத்தில். கம்பெனி கேபினில் தூண்களே ராப்ஸ். வண்டி எடையைத் தாங்குமா என்று சோதித்துத்தான் விற்கிறார்கள். என்னுடையது மழைக்கு ஒதுங்குகிற பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதுதான் வினை.

சரி, சுகமாவது இருந்ததா? சாரல் படவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏசி, ஹீட்டர் எதுவும் இல்லாததால் நம் மூச்சே கண்ணாடியில் படிந்துவிடும். ஒரு கையில் துண்டு, ஒரு கையில் ஸ்டீயரிங். தகரம் அதிர்கிற சத்தத்தில் சாயங்காலம் வீட்டில் கூப்பிட்டால் காது கேட்காது.

ஒரு நவம்பர் மாலை. முந்தின ராத்திரி நல்ல மழை. மூணாவது தட்டின் கடைசியில், வண்டிக்குப் பின்னால் மாட்டி மண் கிளறுகிற ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு திருப்புகிறேன். வெளி விளிம்பு மண் ஊறிப்போயிருந்தது, எனக்குத் தெரியவில்லை. பள்ளத்துப் பக்கப் பின்சக்கரம் சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியது. கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பாரே, அதை வண்டியின் நடு எடையிலிருந்து தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூல் சக்கரத்துக்கு வெளியே விழுந்தால் வண்டி கவிழும். கூரையில் ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் அந்த நூலை வெளியே தள்ளுகிறது. மேட்டுப் பக்கச் சக்கரம் மண்ணை விட்டுக் கிளம்புவது சீட்டில் தெரிந்தது. கை தானாக ரோட்டவேட்டரை இறக்குகிற லிவரைக் கீழே தள்ளியது. ரோட்டவேட்டர் தரையில் உட்கார்ந்ததும் வண்டி அப்படியே நின்றது. கதவைத் திறக்கப் பார்த்தேன். பள்ளத்துப் பக்கக் கதவு தானே திறந்து தொங்குகிறது, மேட்டுப் பக்கக் கதவைத் தலைக்கு மேல் தள்ளவேண்டியிருந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் கயிறு போட்டு மேட்டுப் பக்கம் இழுத்துப் பிடிக்க, மெல்ல எடுத்தோம். மறுநாள் மட்கார்டைப் பார்த்தால் போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகரம் கிழிந்திருந்தது. கவிழ்ந்திருந்தால் அந்தக் கேபின் என்னை என்ன செய்திருக்கும் என்று அன்று ராத்திரி முழுக்க யோசனை.

கேபினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 25 எச்பி வண்டிக்குக் கம்பெனி கேபின் இங்கே வந்தால், கையில் காசும் இருந்தால், நானே முதலில் போய் நிற்பேன். பட்டறைக் கேபின் சமவெளிக்காரருக்கு எப்படியோ, நம் சரிவுக்கு வேண்டாம். ராப்ஸைக் கழற்றச் சொல்கிற பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தக் காசில் பாதிக்கு, எடை கீழே நிற்கப் பின் டயருக்குள் தண்ணி பிடிக்கலாம், ரிம்மைத் திருப்பிப்போட்டுச் சக்கர அகலத்தைக் கூட்டலாம், நல்ல ரெயின்கோட்டும் வாங்கலாம். சீட் பெல்ட் கட்டாயம். கட்டாவிட்டால் வண்டி சாயும்போது நீங்கள் வெளியே, அந்த ராப்ஸே மேலே விழும். மரத்தடியில் போக ராப்ஸை மடக்கியிருந்தால் மட்டும் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். இறக்கத்தில் ஃபோர் வீலைப் போட்டே இறங்குங்கள். இந்த வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்துக்குத்தான், ஃபோர் வீல் போட்டால்தான் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இருக்கிற இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைத்துக்கொள்ளுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவரிடம் எனக்குப் பேச்சே இல்லை.

பீன்ஸ் கொடியை அறுத்து, துருவைத் தேய்த்து, ராப்ஸ் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கேபினை விற்கவும் இல்லை, அடகு வைக்கவும் இல்லை. தோட்டத்து மேல் மூலையில் நாலு கல் அடுக்கி அதன்மேல் இறக்கி வைத்திருக்கிறேன். ராத்திரியில் அப்பா அதற்குள் உட்கார்ந்து, டார்ச்சும் ஃபிளாஸ்கில் டீயுமாகக் காட்டெருமைக்குக் காவல் காக்கிறார். கண்ணாடி மட்டும் இன்னும் மூச்சுப் படிந்து மறைக்கிறதாம்.