தண்ணி ஏன் குடிக்கலை?

"ஏம்மா, தண்ணியே குடிக்க மாட்டியா?" என்று நர்ஸ் கேட்டபோது என் தங்கை பதில் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆறாம் மாதம். தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல், வலப்பக்க விலாவுக்குக் கீழே தொடவிடாத வலி. யூரின் இன்ஃபெக்‌ஷன் சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார் டாக்டர். அதற்கு முந்தைய மூன்று நாளும் நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'சூடு'. இளநீர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய். அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது, இளநீர் வாங்கி வந்ததே நான்தான்.

நர்ஸுக்கு நானாவது பதில் சொல்லியிருக்கணும். இவள் வேலை பார்ப்பது ஜவுளிக்கடையில். தீபாவளி சீசன். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் ராத்திரி பத்து மணிக்குத்தான் வெளியே வர முடியும். நிற்பது முதல் மாடி பட்டுச்சேலைப் பிரிவில், ஊழியர்களுக்கான பாத்ரூம் இருப்பது மொட்டை மாடியில். லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். சூப்பர்வைசரிடம் சொல்லி, கவுன்ட்டருக்கு ஆள் பிடித்து வைத்துவிட்டு, வயிற்றோடு படியேற வேண்டும். ரெண்டாம் தடவை கேட்டால், "இப்பதானம்மா போயிட்டு வந்தே?" அதனால் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அரை லிட்டர் பாட்டிலில் பாதி மதியச் சாப்பாட்டோடு, மீதி ராத்திரி பஸ்ஸில்.

கர்ப்பத்தில் சும்மாவே சிறுநீர் தேங்கும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடும், வளரும் கர்ப்பப்பை மேலிருந்து அழுத்தும், வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே. குடலில் சாதுவாகக் கிடக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா இங்கே வந்துவிட்டால் பெருகுவதற்கு வசதியான இடம். இதில் மோசமானது என்னவென்றால், கடுப்பு எரிச்சல் எதுவுமே இல்லாமல் நூற்றுக்கு இரண்டு முதல் பத்து கர்ப்பிணிகளின் சிறுநீரில் கிருமி இருக்கலாம். மற்றவர்களுக்கு அறிகுறி இல்லாத கிருமியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். கர்ப்பிணிக்கு விடக்கூடாது. விட்டால் அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சிறுநீரகம் வரை போகும். அங்கிருந்து ரத்தத்தில் கலந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து, குழந்தைக்குக் குறைப்பிரசவம், எடைக்குறைவு.

"மாசாமாசம் யூரின் பார்த்தாங்களே?" என்று நானும் கேட்டேன். பார்த்தது ஆல்புமின் என்கிற புரதமும் சர்க்கரையும். கிருமியைக் காட்டுவது கல்ச்சர். சாம்பிளை லேப்பில் வளர்த்துப் பார்க்க ரெண்டு மூணு நாள் ஆகும். கர்ப்பிணிகளுக்கு அந்தக் கல்ச்சரைத்தான் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், கிருமி இருந்தால் ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் என்று 2016 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது மாசமாக இருந்தால் கல்ச்சர் எடுத்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த விதிப்படி கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் நெடுநேரம் நிற்கிற வேலை தரக்கூடாது. ஆனால் அது பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரத்துக்கு முன்னால் வரும் ஒரு மாதத்துக்கும், அந்த ஆறு வாரத்தில் விடுப்பு எடுக்காத நாட்களுக்கும்தான். ஆறாம் மாதத்துக்காரி அதில் வரவே மாட்டாள். 2021-ல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது, நானும் கைதட்டினேன். உட்காரலாம், சரி. எழுந்து பாத்ரூம் போவதற்கு?

தங்கைக்கு ஊசி மருந்தில் காய்ச்சல் இறங்கியது. பையன் எட்டாம் மாதக் கடைசியில் பிறந்தான், இரண்டு கிலோ நூறு. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். அந்தக் காய்ச்சலால்தான் சீக்கிரம் வந்தானா என்று கேட்டதற்கு, அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கடைக்காரர்களுக்கும் அது வசதியான பதில்தான், என்ன செய்ய.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அதே கடைக்குப் போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருந்தார்கள், அதன்மேல் மடிக்காத சேலைகள் குவிந்து கிடந்தன. எனக்குக் குளுகுளுவென்று ஒரு டம்ளர் மோர் வந்தது. குடித்துவிட்டு பாத்ரூம் எங்கே என்று கேட்டேன்.

"இதே ஃப்ளோர்தான் மேடம், ட்ரையல் ரூமுக்குப் பக்கத்துல."