பைலா 'குடிகாரப் பாட்டு', தமிழில் இல்லை என்பது பொய்

"பைலா சிங்களவரின் குடிகாரப் பாட்டு. தமிழில் அது இருந்ததே இல்லை. கலியாண வீட்டில் போட வேண்டாம்" என்றொரு வட்ஸ்அப் செய்தி கொழும்பின் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் குழுக்களில் சுற்றுகிறது. தவறான தகவல்.

பைலா, இலங்கையில் கொண்டாட்டங்களில் ஆடிப் பாடும் துள்ளல் பாட்டு வகை. சொல்லே போர்த்துக்கேயம். 'பைலார்' என்றால் ஆடுதல். எந்தப் போர்த்துக்கேய அகராதியிலும் பார்க்கலாம். 1505இல் வந்திறங்கிய போர்த்துக்கேயரின் காலத்தோடு தொடர்புள்ள கப்ரிஞ்ஞா ஆட்டம்தான் இதற்கு மூலம். அதைக் காத்து வந்தவர்கள் ஆபிரிக்க வம்சாவளிக் காப்பிரியரும் ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியரும். புத்தளம் சிரம்பையடிக்குப் போனால் காப்பிரியரின் மஞ்சா பாட்டை இன்றும் கேட்கலாம். சிங்களத்தில் பைலாவைப் பிரபலமாக்கிய வொலி பஸ்டியன் ஒரு பொலிஸ்காரர். தமிழில் இல்லையாம்! தமிழ் பைலாவாக 'சுராங்கனி' பாடிய இலங்கைப் பாடகர் சிலோன் மனோகரை எங்கே வைப்பது?

'குடிகாரப் பாட்டு' என்பது தகவலே அல்ல. உழைக்கிற சனம் ஆடுவதைக் கண்டால் சிலருக்கு வரும் முகச்சுளிப்பு. அதே ஆட்கள், பாண்ட்காரர் பைலாவின் ஆறு-எட்டுத் தாளத்தைத் தொடங்கியதும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.