மஞ்சள் காய்ச்சலும் பன்னிரண்டு நாள் கணக்கும்

மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்தது யார்? ஹவானாவில் கேட்டால் கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே என்பார்கள். வாஷிங்டனில் கேட்டால் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் என்பார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் ராணுவ மருத்துவமனைக்கே அவர் பெயர்தான். நூறு வருஷம் தாண்டியும் இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. என்னைக் கேட்டால், முடிச்சு அவிழ்ந்த இடம் மிசிசிப்பி மாநிலத்தின் இரண்டு குக்கிராமங்கள். அங்கே வீடு வீடாகப் போய்த் தேதி குறித்துக்கொண்டிருந்த ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்ற சுகாதார அதிகாரியின் பெயரை இரண்டு தரப்புமே மூன்றாவது வரிசையில்தான் உட்கார வைக்கின்றன.

முதலில் ஃபின்லே. 1881 ஆகஸ்ட் 14 அன்று ஹவானா அறிவியல் அகாடமியில் அவர் கட்டுரை வாசித்தபோது, வெறுமனே 'கொசு' என்று சொல்லவில்லை. எந்தக் கொசு என்றே சொன்னார். காலில் வெள்ளை வளையம் போட்ட, வீட்டுத் தொட்டியில் முட்டையிடுகிற, இன்று நாம் டெங்குவுக்காகத் திட்டுகிற அதே ஏடிஸ் எஜிப்தி. பிறகு இருபது வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொசுக்கடிக்கு உட்படுத்திப் பார்த்தார். முறை எளிது: சோதனைக் குழாய்க்குள் கொசுவைப் பிடித்து, பஞ்சால் அடைத்து, நோயாளியின் தோலில் கவிழ்த்துக் கடிக்கவிடுவது. பிறகு அதே குழாயை ஆரோக்கியமானவர் கையில் கவிழ்ப்பது. சிலருக்கு லேசான காய்ச்சல் வந்தது, அவ்வளவுதான். யாரும் மறுக்க முடியாத ஒரு கேஸ்கூடக் கிடைக்கவில்லை.

கியூபாக்காரர் என்பதால் அவரை ஒதுக்கினார்கள் என்று சொல்வதுண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவருடைய சோதனைகள் எதையும் நிரூபிக்கவில்லை என்பதும் உண்மை. அவை ஏன் தோற்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் பெருவாரியாக இருப்பது காய்ச்சலின் முதல் மூன்று, நான்கு நாட்கள்தான். கண் மஞ்சளாவதும் கறுப்பு வாந்தியும் அதன் பிறகு வருபவை. அந்தக் கால மருத்துவர், இது மஞ்சள் காய்ச்சல்தான் என்று அடித்துச் சொல்லக்கூடிய நேரத்தில், ரத்தத்தில் கொசு எடுத்துக்கொள்ள அநேகமாக எதுவும் மிச்சமிருக்காது. உறுதியான நோயாளியாகத் தேடிப் பிடித்தால் சோதனை தோற்கும். முதல் நாள் வெறும் காய்ச்சலோடு வந்தவரைப் பிடித்தால் அது மலேரியாவாக இருக்குமோ என்ற சந்தேகம் வரும். 1804இல் பிலடெல்பியாவில் ஸ்டபின்ஸ் ஃபெர்த் என்ற மருத்துவ மாணவர் நோயாளிகளின் வாந்தியைக் காயத்தில் தேய்த்தார், குடித்தும் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆகவே தொற்றாது என்று எழுதிவைத்தார். (சோற்றுக்கு உட்கார்ந்து படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

அடுத்தது கொசுவின் பக்கம். ஃபின்லே கொசுவை ஓர் ஊசியாகவே நினைத்தார்: ஒருவர் ரத்தம் ஒட்டிய மூக்கால் இன்னொருவரைக் குத்துவது. அதனால் நோயாளியைக் கடித்த இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் அடுத்தவரைக் கடிக்கவிட்டார். லேசான நோயை வரவழைத்து எதிர்ப்பு உண்டாக்கவும் பார்த்தார். உண்மையில் குடித்த ரத்தத்தோடு வைரஸ் கொசுவின் குடல் செல்களுக்குள் நுழைந்து பெருகி, உடல் முழுக்கப் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். வெயில் காலத்தில் இதற்கு ஏறக்குறைய 12 நாள், குளிர்ந்தால் 18 நாளும் அதற்கு மேலும். அதற்கு முன் அந்தக் கொசு நூறு தடவை கடித்தாலும் அரிப்புதான் மிச்சம். அத்தனை நாள் கொசுவைக் குழாயில் சாகாமல் வைத்திருப்பதே ஒரு வேலை: ஈரம் வேண்டும், இனிப்பு வேண்டும், இடையில் மறுபடி ரத்தமும் வேண்டும்.

இப்போது கார்ட்டர். 1898இல் மிசிசிப்பியில் ஆர்வுட், டெய்லர் என்ற இரண்டு ஊர்களில் நோய் வந்தது. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்ததால் யார் எந்த வீட்டுக்கு எப்போது போனார்கள் என்பதைத் துல்லியமாகக் குறிக்க முடிந்தது. ஒரு வீட்டில் முதல் நோயாளி விழுந்ததற்கும் அங்கே அடுத்தவர் விழுவதற்கும் இடையே இரண்டு, மூன்று வாரம் ஆனது. முதல் சில நாட்களில் நோயாளியைப் பார்க்க வந்துபோனவர்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தவர்களோ, நோயாளி அங்கே இல்லாவிட்டாலும், சில நாளில் படுத்தார்கள். ஆக நோய் ஆளிடமிருந்து நேராகத் தொற்றவில்லை. வீட்டுக்குள் ஏதோ ஒன்று இரண்டு வாரம் முதிர்கிறது. கொசு என்ற பேச்சே இல்லாமல், வெறும் தேதிகளை வைத்து எட்டிய முடிவு இது. நுண்ணோக்கி வைத்துக்கொண்டு 'இதோ கிருமி' என்று 1897இல் சனரெல்லி என்ற ஆய்வாளர் ஒரு பாக்டீரியாவைக் காட்டி ஊரைக் குழப்பிய அதே காலத்தில்!

பிறகு கார்ட்டர் ஹவானாவுக்கு மாற்றலாகி வந்தார். 1900இல் அங்கே மஞ்சள் காய்ச்சலை ஆராய வந்த அமெரிக்க ராணுவக் குழு: வால்டர் ரீட், ஜேம்ஸ் கரோல், ஜெஸ்ஸி லசியர், அரிஸ்டிடெஸ் அக்ரமோன்டே. ஃபின்லே தன்னிடமிருந்த கொசு முட்டைகளைக் கொடுத்தார். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிப்பவை அவை. கார்ட்டர் தன் கணக்கைக் கொடுத்தார். கொசு வளர்த்தது லசியர். அவருடைய முதல் ஒன்பது முயற்சிகளும் தோற்றன, காரணம் ஃபின்லேவின் அதே இரண்டு காரணம். ஆகஸ்ட் 27 அன்று கரோலைக் கடித்த கொசு, அதற்கு 12 நாள் முன்பு, நோயின் இரண்டாம் நாளில் இருந்த ஒருவரைக் கடித்திருந்தது. இரண்டு கணக்கும் ஒருசேரப் பொருந்திய முதல் கொசு. கரோல் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். லசியர் செப்டம்பர் 25 அன்று இறந்தார்.

ஆனால் கறாராகச் சொன்னால் கரோலின் கேஸ் நிரூபணமே அல்ல. சில நாட்கள் முன்புதான் அவர் நோயாளிகள் வார்டுக்கும் பிணப் பரிசோதனை அறைக்கும் போய்வந்திருந்தார். நோய் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். ரீடின் உண்மையான பெருமை இங்கேதான் என்பது என் கருத்து: அந்த ஓட்டையை அவர் மழுப்பவில்லை. நவம்பர் 20 அன்று ஊருக்கு வெளியே, இறந்த நண்பரின் பெயரில் லசியர் முகாமைப் போட்டார். உள்ளே இருந்தவர்களுக்குத் தினம் பலமுறை காய்ச்சலும் நாடியும் பார்த்துக் குறித்தார்கள். ஏற்கெனவே நோய் வந்து தப்பியவர்கள் மட்டுமே வெளியே போய்வரலாம். ஆகவே யாருக்காவது நோய் வந்தால் சோதனையைத் தவிர வேறு காரணம் சொல்ல வழியில்லை.

அங்கே இரண்டு குடில்கள், ஒவ்வொன்றும் 14க்கு 20 அடி. முதல் குடில் காற்றுப் புகாமல் இறுக்கி அடைக்கப்பட்டது, கொசு நுழையாதபடி வலை, உள்ளே சூடும் புழுக்கமும். நோயாளிகளின் வாந்தியும் மலமும் ரத்தமும் காய்ந்த படுக்கை விரிப்புகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, உதறி விரித்து, ஒரு மருத்துவரும் இரண்டு சிப்பாய்களும் 20 இரவு அதன்மேல் படுத்தார்கள். பிறகு வேறு ஆட்கள். மொத்தம் ஏழு பேரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

இரண்டாவது குடில் காற்றோட்டமானது, நீராவியில் சுத்தம் செய்த சாமான்கள், நடுவே கம்பி வலைத் தடுப்பு. டிசம்பர் 21 அன்று தடுப்பின் ஒரு பக்கம் 15 கொசுக்களை விட்டார்கள். ஜான் மோரன் என்ற தன்னார்வலர் அந்தப் பக்கம் போய்ப் படுத்துக் கடி வாங்கினார். கிறிஸ்துமஸ் அன்று நோய் வந்தது. அதே காற்றைச் சுவாசித்து மறுபக்கம் இருந்தவர்களுக்கு எதுவும் இல்லை. புத்தகங்கள் மோரனைக் கொண்டாடுகின்றன, நியாயம்தான். ஆனால் உலக வணிகத்தையே முடக்கிய 'துணி, மூட்டை, கடிதம் வழியாகப் பரவும்' என்ற நம்பிக்கையை உடைத்தது அந்த நாற்றக் குடில். ஒன்றுமே நடக்காத சோதனையை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

சம்மதப் பத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக வந்திறங்கிய ஸ்பானியக் கூலிகளிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கினார்கள்: 100 டாலர் தங்கம், நோய் வந்தால் மேலும் 100. அந்தக் காலத்துக்கு அது முன்னேற்றமே. ஆனால் 'எப்படியும் இந்த ஊரில் உனக்கு வரத்தான் போகிறது' என்ற தொனியில் எழுதி, கையில் காசில்லாதவனிடம் நீட்டிய தாளை முழுச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகாமில் யாரும் சாகவில்லை. அது நல்ல மருத்துவம் பாதி, அதிர்ஷ்டம் பாதி. 1901இல் ஹவானாவில் ஹுவான் கிட்டெராஸ் என்ற மருத்துவர் கொசுக்கடியையே தடுப்பூசிபோலப் பயன்படுத்திப் பார்த்தபோது மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் 25 வயது செவிலியர் கிளாரா மாஸ்.

ஹவானாவில் அமெரிக்க ராணுவத்தின் சுகாதார அதிகாரி வில்லியம் கோர்கஸ் அதற்கு முன் தெரு, சாக்கடை எல்லாம் கூட்டிப் பெருக்கியிருந்தார். வயிற்றுப்போக்கு குறைந்தது, மஞ்சள் காய்ச்சல் குறையவில்லை. ஏடிஸுக்குச் சாக்கடை வேண்டாம், வீட்டுக் குடிநீர்த் தொட்டி போதும். 1901 பிப்ரவரி முதல் நோயாளிகளை வலைக்குள் வைத்து, தொட்டிகளை மூடி, தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் ஊற்றி, அறை இடுக்குகளைக் காகிதத்தால் ஒட்டிப் பைரித்ரம் என்ற பூச்சிக்கொல்லித் தூளின் புகை போட்டார்கள். அந்தப் புகை கொசுவை மயக்கும், எல்லாவற்றையும் கொல்லாது. புகை அடங்கியதும் விழுந்ததைக் கூட்டி அள்ளி எரிக்காவிட்டால் எழுந்து பறந்துவிடும். செப்டம்பரோடு நோய் நின்றது. அதே ஆண்டு கரோல், நோயாளியின் ரத்தச் சீரத்தைப் பாக்டீரியா புக முடியாத பெர்க்ஃபெல்டு வடிகட்டியில் வடித்து ஊசி போட்டும் நோய் வந்ததைக் காட்டினார். மனித நோய் ஒன்றுக்கு வைரஸ் காரணம் என்பதற்கு முதல் சான்று அதுதான்.

லசியர் முகாமில் கடித்ததிலிருந்து காய்ச்சல் வரை பதிவான காலம் 41 மணி நேரத்திலிருந்து 5 நாள் 17 மணி நேரம் வரை. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் நோய்ப் பகுதிகளிலிருந்து தடுப்பூசிச் சான்றில்லாமல் இந்தியாவில் இறங்குபவரை இன்றும் 6 நாள் தனிமையில் வைப்பது இந்தக் கணக்கின்படிதான். நம்மிடம் கொசு இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி இல்லாத கோடிக்கணக்கான ஜனம் இருக்கிறது, வைரஸ் மட்டும்தான் இல்லை. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஒன்று கவனிக்கவும்: சான்று செல்லுபடியாவது பத்தாவது நாளிலிருந்து. டிக்கெட்டை அதற்கு முந்தைய தேதிக்கு எடுத்துவிட்டு விமான நிலைய அதிகாரியிடம் மல்லுக்கு நின்று பயனில்லை.